டீசல் கார் வாங்கப்போகிறேன், காலையில் வெள்ளைப் புகை வருகிறது: அவசரமாக உதவி தேவை

பள்ளத்தூரான்:
கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் நிற்கும் டீசல் காரை விலை பேசியிருக்கிறேன். அப்பாவை வாரம் இருமுறை சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், வாடகைக் கார் இனிக் கட்டுப்படியாகாது. நேற்றுக் காலை இரண்டு மூன்று முறை சாவியைத் திருகிய பிறகே கிளம்பியது, வெள்ளைப் புகையும் வந்தது. வண்டி அதிகம் ஓடவில்லை. நாளை முன்பணம் கொடுக்க வேண்டும். வாங்கலாமா?

கண்டனூர்க்காரி:
எந்த வண்டி, எந்த ஆண்டு, மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று ஒன்றுமே சொல்லவில்லையே. புகை எவ்வளவு நேரம் நீடித்தது, டீசல் வாடை அடித்ததா அல்லது இனிப்பான வாடையா என்பதையும் எழுதுங்கள். இனிப்பு வாடையும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைவதும் சேர்ந்திருந்தால், அது உள்ளே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

புதுவயலான்:
கிளப்பும்போது இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்தான், ஐயமே வேண்டாம். என் பழைய வண்டியிலும் இதே புகைதான் வந்தது, நான்கையும் மாற்றியதும் நின்றுவிட்டது.

கோட்டையூர் மூத்தவர்:
தம்பி, இதே கேள்விக்கு நான் பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்கள் டீசல் வண்டியை நாடாமல் இருப்பதே நல்லது. இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டீர்களா? அதைக் கேட்காமல் புகையைப் பற்றிப் பேசுவது வீண்.

பள்ளத்தூரான்:
மன்னிக்க வேண்டும். 2013 ஸ்விஃப்ட் டீசல், 41,000 கி.மீ., ஒரே உரிமையாளர். அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பொங்கலுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வரும்போதுதான் எடுப்பார்களாம். புகை ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது, டீசல் வாடைதான்.

தேவகோட்டைப் பட்டறைக்காரர்:
மூத்தவர் ஐயா பொறுத்தருள வேண்டும், ஸ்விஃப்ட் டீசலில் பெல்ட் கிடையாது. அது ஃபியட்டின் 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின், டைமிங் செயினில் ஓடுவது.

தம்பி, குறைந்த கிலோமீட்டர் என்பதையே நீங்கள் நற்சான்றாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பூட்டிய வீட்டின் கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற டீசல் வண்டியில் டேங்கில் நீர் கோத்து, ஃபில்டரில் தேங்கி, டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரைக்கும் துரு போய்விடும். எலி வயரைக் கடித்திருக்கும். நம் ஊர் வெயிலில் இந்த இன்ஜின் ஹீட்டர் பிளக் இல்லாமலும் கிளம்பும் என்பதால், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் புகைக்கு நான் முதலில் இன்ஜெக்டரைத்தான் பார்ப்பேன். நான்கு இன்ஜெக்டர்களிலும் மிஞ்சும் டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, எது வேகமாக நிரம்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்; அதன் இன்ஜெக்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். போகும்போது முதலில் பானெட்டின் மேல் கையை வையுங்கள்; சூடாக இருந்தால், புகை உங்களுக்குத் தெரியாமலிருக்க முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கோட்டையூர் மூத்தவர்:
செயின் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை, அவ்வளவுதானே.

தேவகோட்டைப் பட்டறைக்காரர்:
அப்படிச் சொல்லிவிட முடியாது ஐயா. 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதற்குள் ஆயில் மாற்ற வேண்டும். ஓடாத வண்டிதானே என்று ஆண்டுக்கணக்கில் பழைய ஆயிலோடு விட்டால் செயின் தளர்ந்து, காலையில் கிளப்பியதும் சில நொடிகள் கலகலவென்று சத்தம் கேட்கும்.

கோட்டையூர் மூத்தவர்:
என் வண்டி 1,40,000 ஓடியும் அந்தச் சத்தம் வந்ததில்லை.

தேவகோட்டைப் பட்டறைக்காரர்:
நீங்கள் ஆயிலைத் தவறாமல் மாற்றியிருப்பீர்கள்.

கண்டனூர்க்காரி:
தம்பியின் வண்டிக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1213 என்றிருந்தால் 2013ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. டயர் பழையதாகவே இருந்தால் 41,000 என்பதை ஓரளவு நம்பலாம், ஆனால் அப்பாவை ஏற்றிக்கொண்டு அந்த டயரில் மதுரைக்குப் போகாதீர்கள், அதற்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்த ஒரு வண்டியில், பளபளவென்று துடைத்திருந்தும், பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தில் மண் கறை கோடாகப் படிந்திருந்தது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்று 2028 வரை செல்லும், அதில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பள்ளத்தூரான்:
இன்று மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தோம். 3ஆவது இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிரம்பியது. டயர் 2013தான், சீட் பெல்ட் சுத்தமாக இருக்கிறது. முன்பணம் கொடுக்கவில்லை, விலையைக் குறைப்பது பற்றி உரிமையாளரிடம் கேட்டுச் சொல்வதாக வண்டியைக் காட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாளை அதிகாலை மதுரைக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் நன்றி.

தேவகோட்டைப் பட்டறைக்காரர்:
ஃபில்டரில் தண்ணீர் வந்ததா? கடைசியாக ஆயில் மாற்றிய தேதி சர்வீஸ் புத்தகத்தில் இருந்ததா?