யாழ்ப்பாணத்தில் அம்மாவுடன் இரண்டு நாள்

யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்களில் பலர் ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்த்து முடித்துவிட எண்ணுகிறார்கள். மட்டக்களப்பில் மணமுடித்து வாழும் நானும் முன்பு அப்படித்தான் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். கடந்த மாசி மாதம் அம்மாவும் உடன் வந்ததால், முதல் நாள் முழுவதும் இரண்டே இடங்களில் கழிந்தது.

முதலில் பொது நூலகத்துக்குச் சென்றோம். வாசகர்களுக்கு இடையூறு ஏற்படாதபடி பார்வையாளர்களுக்கென நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதால், வாயிலில் விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது. வெண்ணிறக் கட்டடத்தையும் முகப்பிலுள்ள சரஸ்வதி சிலையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர்களே அதிகம். 1981 மே 31ஆம் திகதி இரவு இங்கே தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. அம்மா அப்போது உயர்தர வகுப்பு மாணவி. அதற்கு ஒரு வாரம் முன்னர் இரவல் வாங்கிய தாவரவியல் நூல் ஒன்று வீட்டில் இருந்ததால் அது மட்டும் தப்பியது. திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் பதினான்கு ஆண்டுகள் அதைப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தவர், 1995இல் போரினால் யாழ்ப்பாண மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அதையும் விட்டுவிட்டு நடந்தார்.

இதை அம்மா அங்கிருந்த பணியாளர் ஒருவரிடம் மிகுந்த தயக்கத்தோடு, கடன்பட்டவர் போலச் சொன்னார். வயதில் என்னிலும் இளையவரான அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதுக்குக் கவலைப்படாதேங்கோ அம்மா, உள்ளுக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்து வாசிச்சிட்டுப் போங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா அரை மணி நேரம் அன்றைய நாளிதழை வாசித்தார்; ஒரு பக்கத்தைக்கூடத் தவறவிடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அங்கிருந்து நடை தூரத்தில்தான் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் விரிவுபடுத்திய இக்கோட்டையில் நிழல் மிகக் குறைவு. எனவே நான்கு மணிக்குப் பின்னர் செல்வதே உகந்தது. 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் சிதைந்து கற்குவியலாகக் கிடக்கிறது. மதிலின் மேல் நின்றிருந்த குருநகர் மீனவப் பெரியவர் ஒருவர் என் மகளை அழைத்து, "பிள்ளை, இந்தக் கல்லை ஒருக்கால் தடவிப் பாருங்கோ" என்றார். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல் அது. மிக அருகில் பார்த்தால் தேன்கூட்டைப் போன்ற சிறு சிறு கண்களும் மடிப்பு மடிப்பான வரிகளும் தெரிகின்றன. ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு வளர்ந்தது என்பதைக் கல்லே காட்டிக்கொடுக்கிறது. மகள் அதன் பிறகு பண்ணைப் பாலத்துக்கு அப்பால் சூரியன் இறங்கியதைக்கூடப் பார்க்காமல், ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் காலை நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குச் சென்றோம். ஆண்கள் மேலாடையைக் களைந்தே உள்ளே செல்ல வேண்டும். 25 நாள் திருவிழாக் காலத்தில் வருவதாயின் தங்குமிடத்தை வெகு முன்னரே ஒழுங்குசெய்துகொள்ளுங்கள். அதன்பின் குறிகட்டுவான் துறைக்குப் போய், படகில் நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்தோம். படகில் இறங்கி ஏறுவது முதியவர்களுக்குச் சற்றுக் கடினம் என்பதால் கைபிடிக்க இருவர் உடனிருக்க வேண்டும். நெடுந்தீவுக்கும் போகலாம் என்று மகன் கேட்டான். அம்மா களைத்திருந்ததால் அதை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைத்தோம். போகும் வழியில் மறுபடியும் நூலகத்துக்குச் செல்ல வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.