புதுப்பிப்பு: அம்மாவின் கழுத்து அறுவை நல்லபடியாக முடிந்தது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இரண்டு முறை சிறுநீரகக் கல், ஓயாத எலும்பு வலி, ரத்தத்தில் கால்சியம் அதிகம் என்று சென்ற மாதம் எழுதி யோசனை கேட்டிருந்தேன். பாராதைராய்டைப் பார்க்கச் சொன்னவர்களுக்குக் கோடி நன்றி. அதுதான் காரணம்.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்றில் கட்டி வளர்ந்து, அது சுரக்கும் ஹார்மோன் மிகுந்து, எலும்பிலிருந்த கால்சியத்தை ரத்தத்தில் கரைத்திருக்கிறது. வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்று ஒரு மருத்துவர் இரண்டு ஆண்டுகள் வலி மாத்திரை மட்டும் கொடுத்ததை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

செவ்வாயன்று டர்பனில் அறுவை. கட்டியை எடுத்த 10 நிமிடத்தில், அம்மா மேசையில் இருக்கும்போதே, ரத்தம் எடுத்து ஹார்மோனை அளந்தார்கள். அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். பாதிக்குமேல் இறங்கிவிட்டால் வேறு கட்டி இல்லை என்று நம்பித் தையல் போடலாம். இறங்கியிருந்தது!

குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் பயந்திருந்தேன். கண் விழித்ததும், "சாப்பிட்டாயா அம்மா?" என்று என்னைத்தான் கேட்டார், தெளிவான குரலில். மறுநாள் மாலை உதட்டைச் சுற்றி மரமரப்பு. கால்சியம் இறங்குவதன் அறிகுறி அது. மாத்திரை கொடுத்ததும் அடங்கியது. யாருக்கு அப்படி வந்தாலும் விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

இப்போது தாலிச் சரடு தையலில் உரசாதபடி பருத்தித் துணி வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார். ஆறு மாதம் கழித்து மீண்டும் கால்சியம் பார்க்க வேண்டும். வந்து எழுதுகிறேன்.