ஜோகூர் பாரு – உட்லண்ட்ஸ்: இறங்கி ஏறிய நூறு வருஷம் (புனைபெயரில் நால்வர் எழுதிய இணைய உரையாடல்)

மீட்டர்கேஜ்:
மலேசியாவின் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடல்வழியை (காஸ்வே) நாமெல்லாம் "பாலம்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அடியில் ஒரு தூண்கூடக் கிடையாது. கடலில் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய கரை அது.

1903-ல் சிங்கப்பூர் ரயில் உட்லண்ட்ஸ் கரைக்கு வந்தது. 1909-ல் ஜோகூர் பக்கத் தண்டவாளமும் கடலைத் தொட்டது. நடுவே ஒரு கிலோமீட்டர் தண்ணீர். பயணிகள் இறங்கிப் படகில் ஏற வேண்டும். சரக்கு வேகன்களைத் தண்டவாளம் பதித்த மிதவையில் உருட்டி ஏற்றி அக்கரையில் உருட்டி இறக்கினார்கள். 1911-லேயே இந்தப் படகுகள் ராத்திரி பகலாக ஓடியும் சரக்கு தீரவில்லை.

இரும்புப் பாலத்தைவிடக் கல் கரையே மேல் என்று முடிவானதற்குக் காரணம் எளிது. கல் பக்கத்திலேயே புலாவ் உபினிலும் புக்கிட் தீமாவிலும் கிடைத்தது, பராமரிப்பும் குறைவு. வேலை 1919-ல் தொடங்கியது. முதலில் கட்டியது கரையை அல்ல, ஜோகூர் முனையில் ஒரு மதகு வாய்க்காலை: 170 அடி நீளம், 32 அடி அகலம், மேலே தூக்குப் பாலம். கல்லைக் கொட்ட ஆரம்பித்துவிட்டால் நீரிணை அடைந்துபோகும். அதற்குமுன் சிறு கலங்களுக்கு வழி வேண்டும் அல்லவா? பிறகுதான் 3,465 அடி நீளம், 60 அடி அகலத்தில் கரை. அதன்மேல் இரண்டு மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகல) ரயில் தடம், 26 அடிச் சாலை. சரக்கு ரயில் 17 செப்டம்பர் 1923, பயணிகள் ரயில் அக்டோபர் 1, முறையான திறப்பு 28 ஜூன் 1924. ரயில் ஓடத் தொடங்கியதோடு இறங்கி ஏறும் வேலை ஒழிந்தது.

குழாய்வழி:
தண்ணீரை விட்டுவிட்டீர்கள். 1927-ல் ஜோகூரோடு போட்ட தண்ணீர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, அங்குள்ள குனோங் பூலாய் தண்ணீர் சிங்கப்பூருக்கு இதே கரைமேல் குழாயில் வந்தது. 31 ஜனவரி 1942-ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வெடிவைத்துச் சுமார் 70 அடி இடைவெளி உண்டாக்கியபோது, சாலை, தண்டவாளத்தோடு இந்தக் குழாயும் போனது. முற்றுகைக்குள் சிக்கிய ஊருக்கு உள்ளூர் நீர்த்தேக்கங்கள் மட்டுமே மிச்சம். இடைவெளிக்கு ஜப்பானியர் கர்டர் பாலம் போட்டுக்கொண்டார்கள். போருக்குப் பின் மதகும் தூக்குப் பாலமும் திரும்ப வரவில்லை. கப்பல் குறுக்கே போகவே முடியாத நீரிணையாக அது இருப்பது அதனால்தான்.

வெள்ளைச்சீட்டு:
1965-ல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தாலும் கரையில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது 1967-ல். மறுபடி இறங்கு, ஏறு.

இதில் விசித்திரம் 1998 முதல் 2011 வரை ரயிலில் நடந்த சோதனை. சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை 1 ஆகஸ்ட் 1998-ல் உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா சிங்கப்பூர் நகரில் இருந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை விட்டு நகரவில்லை. ஆகவே வடக்கே போகிறவர் முதலில் மலேசியாவுக்குள் "நுழைந்து", அரை மணி கழித்துச் சிங்கப்பூரை விட்டு "வெளியேறினார்". கடப்பிதழில் மலேசிய முத்திரை விழாது. வெள்ளைச் சீட்டிலும் (குடிநுழைவு அட்டை) ரயில் டிக்கெட்டிலும்தான் அடையாளம். டிக்கெட்டைக் கசக்கி எறிந்தவர், வேறு எல்லை வழியாக வெளியேறும்போது "நீ எப்படி உள்ளே வந்தாய்?" என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் நின்றார். 30 ஜூன் 2011-ல் தஞ்சோங் பகார் மூடியதும் அந்தக் கூத்து முடிந்தது. கடைசி ரயிலை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். 1924 திறப்பில் நின்ற சுல்தானின் பெயரும் இப்ராஹிம்தான், இவருடைய கொள்ளுத் தாத்தா.

விடியல் 5 மணி:
இப்போதைய இறங்கு-ஏறு கணக்கைச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு.

170, 170எக்ஸ், 160, 950, சிடபிள்யூ வரிசை என எந்தப் பேருந்தில் வந்தாலும் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்குங்கள். வந்த பேருந்து காத்திருக்காது. அதே எண்ணில் அடுத்து வருவதில் ஏறலாம். காகித டிக்கெட்டைத் தொலைத்தால் மறுபடி காசு. நிறுவனம் மாறினாலும் மறுபடி காசு. இரண்டு சாவடி என்பதால் இது ஒரு பயணத்துக்கு இரண்டு தடவை.

சிங்கப்பூர் நுழைவு அட்டை, மலேசிய மின்னியல் வருகை அட்டை இரண்டையும் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய அட்டை வேண்டாம்.

காரில் 2024 முதல் உட்லண்ட்ஸில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீடு, ஒரே குறியீட்டில் பத்துப் பேர் வரை. வரிசை நிற்பதற்கு ஒரு காரணம்: கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டுப் பழைய எண்ணின் குறியீட்டை நீட்டுவார்கள். முதல்முறை வரும் வெளிநாட்டவருக்கும் குறியீடு செல்லாது, கடப்பிதழையே காட்ட வேண்டும்.

சிங்கப்பூர்ப் பதிவு கார் என்றால் வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பெட்ரோல். 1989-ல் பாதி என்று தொடங்கி 1991-ல் முக்கால் ஆக்கினார்கள், எல்லாம் அக்கரை விலை மலிவால்தான். அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, அதோடு திருப்பியும் அனுப்புவார்கள். முள் சரியாகக் கோட்டில் நிற்கிறதே என்று கிளம்பாதீர்கள். இரண்டு மணி நெரிசலில் ஏசி ஓடினால் கோட்டுக்குக் கீழே போய்விடும். கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு இருக்கட்டும்.

மீட்டர்கேஜ்:
ஜோகூர் பாருவுக்கும் (ஜேபி) உட்லண்ட்ஸுக்கும் நடுவே ஓடும் தெப்ராவ் ரயிலையும் சேர்க்கவும். 2015 முதல் ஓடுகிறது, ஐந்து நிமிடம். ஜேபியிலிருந்து 5 ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து 5 வெள்ளி: எண் ஒன்று, மதிப்பு மூன்று மடங்கு. உட்லண்ட்ஸில் ஏறினால் இரு நாட்டுச் சோதனையும் அங்கேயே முடிந்துவிடும். ஜேபியில் ஏறினால் மலேசியச் சோதனை அங்கே, சிங்கப்பூர் சோதனை இறங்கியபின். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள், வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஜேபியின் புக்கிட் சாகார் – சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் ஆர்டிஎஸ் விரைவு ரயில் தடத்தில் இரு திசையிலும் ஏறும் இடத்திலேயே இரண்டு சோதனையும். 4 கிலோமீட்டர், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர். இது கல் கரைமேல் ஏறவில்லை. நீரிணைக்கு மேலே தனித் தூண்களில் போகிறது. அதைப் பாலம் என்று தாராளமாகச் சொல்லலாம்.