இறங்கிய கண்ணாடி ஏறவில்லை

குழு: தோட்டத்து வீடு

நான், மாலை 6:08
மாமா, பிக்கப்பில் இடது பக்கக் கதவுக் கண்ணாடி இறங்கிவிட்டது, ஏற மாட்டேன் என்கிறது. மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. மதியம் உடுமலையில் ஒருவரிடம் காட்டினேன். மோட்டார் போய்விட்டது, கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மெஷினோடு சேர்த்து மாற்ற 3,800 ரூபாய் ஆகும் என்றார்.

சித்தப்பா, 6:10
முதலில் தார்ப்பாயைப் போட்டு மூடு. 2009 மாடல் வண்டி, இனி ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும்.

தம்பி, 6:11
அண்ணா, பியூஸ் பார்த்தாயா?

நான், 6:13
பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஓட்டுகிற என் பக்கக் கண்ணாடி வேலை செய்கிறது, மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

மாமா, 6:19
மாப்பிள்ளை, எதையும் வாங்கிவிடாதே. இடது கதவில் இருக்கிற ஸ்விட்சில் கண்ணாடி இறங்குகிறதா? அதே ஸ்விட்சில் ஏற்றினால் சத்தம் ஏதாவது கேட்கிறதா? உன் பக்க ஸ்விட்சிலிருந்து அந்தக் கண்ணாடி அசைகிறதா? இந்த மூன்றையும் பார்த்துச் சொல்.

நான், 6:27
இடது ஸ்விட்சில் இறங்குகிறது. மிச்சம் இருந்த நாலு விரல்கடையும் இப்போது இறங்கிவிட்டது. ஏற்றினால் சத்தமே இல்லை, உள் விளக்கும் மங்கவில்லை. என் பக்க ஸ்விட்சில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மாமா, 6:29
அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது.

மாமா, 6:31
இறக்குகிற மோட்டார்தான் ஏற்றவும் செய்கிறது. அதற்கு இரண்டே ஒயர். ஒன்றில் பிளஸ், இன்னொன்றில் எர்த் (அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டி பாடி) கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் சுற்றும். மோட்டார் எரிந்திருந்தால் இரண்டு பக்கமும் போகாது. மோட்டாரே சூடாகித் தன்னை நிறுத்திக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

தம்பி, 6:32
அப்போ இடது ஸ்விட்ச்தானே மாமா?

மாமா, 6:36
இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியில் பார்ப்போம். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இடது ஸ்விட்சுக்கென்று தனி எர்த் கிடையாது. கண்ணாடி ஏறும்போது கரண்ட் மோட்டார் வழியாகத் திரும்பி, ஓட்டுநர் கதவில் இருக்கும் மெயின் ஸ்விட்ச் வரை போய், அங்கேதான் எர்த்தைத் தொடும். இறங்கும்போதும் அப்படியே, வேறு ஒயர் வழியாக. இதற்காக இரண்டு கதவுகளுக்கும் நடுவே இரண்டு ஒயர் ஓடுகிறது. அதில் ஒன்று அறுந்தால் இடது ஸ்விட்சில் ஒரு பக்கம் மட்டும் போகும், மெயின் ஸ்விட்சில் இரண்டு பக்கமும் போகாது. நீ சொன்னது அச்சு அசலாக அதுதான்.

நான், 6:38
ஆனால் மதியம் அவர் மீட்டர் வைத்துப் பார்த்தாரே மாமா. 12 வோல்ட் வருகிறது, அதனால் மோட்டார்தான் என்றார்.

மாமா, 6:39
கறுப்பு முனையை எங்கே வைத்தார்?

நான், 6:39
பாடியில்.

மாமா, 6:43
அங்கேதான் தவறு. திரும்புகிற வழி அறுந்திருந்தால் மோட்டாரின் இரண்டு ஒயரிலும் 12 காட்டும், மோட்டார் சுற்றாது. மீட்டரை மோட்டாரின் இரண்டு ஒயருக்கும் நடுவே வைக்க வேண்டும். அதைவிட 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரை இணைத்து, மீட்டருக்குப் பதில் அதை அங்கே வைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 என்று சொல்லிவிடும், பல்பு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். கோயம்புத்தூரில் 30 வருடம் கடை வைத்திருந்தேன், நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டு இப்படி எத்தனை பேர் பணத்தைத் தொலைத்தார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறாது.

அக்கா, 6:45
மாமா, தூறல் ஆரம்பித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

மாமா, 6:47
நீ இடது சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, ஏற்றுகிற ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொள். தம்பி ஓட்டுநர் கதவை மெல்ல மெல்லத் திறந்து மூடட்டும். கீல் பக்கம் கதவுக்கும் பாடிக்கும் நடுவே கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும், அதையும் பிடித்து வளைத்துப் பார்க்கட்டும். ஒயர் அறுவது பெரும்பாலும் அதற்குள்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கதவைத் திறக்கிறோம்!

அத்தை, 6:48
வண்டிக்குள் குழந்தைகள் யாரும் இல்லையே? பழைய வண்டிக் கண்ணாடி விரல் பட்டால் நிற்காது. இருந்தால் அவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

அக்கா, 6:49
இல்லை அத்தை, உள்ளே டிவி பார்க்கிறார்கள்.

அக்கா, 6:56
ஏறிவிட்டது!!! கதவு பாதி திறந்திருக்கும்போது ஒரு ஜாண் ஏறி நின்றது. ரப்பரை அழுத்திப் பிடித்ததும் மீதியும் ஏறிவிட்டது. இப்போது நல்ல மழை.

மாமா, 6:57
நல்லது. இனி அந்த ஸ்விட்சை யாரும் தொடாதீர்கள். பிரித்தால் என்ன இருந்தது என்று காலையில் போட்டோ போடு மாப்பிள்ளை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்கு.

சித்தப்பா, 6:59
3,800 ரூபாய் மிச்சம். நாளைக்கு உழவர் சந்தைக்கு லோடு போக வேண்டும், 4 மணிக்கே எழுப்பிவிடுவேன்.

மறுநாள்

நான், காலை 10:40
(படம்)
ரப்பரைப் பாடி பக்கத்திலிருந்து இழுத்துப் பார்த்தேன் மாமா. ஒரு ஒயர் முழுதாக அறுந்திருக்கிறது, செம்பு பச்சை பூத்துவிட்டது. பக்கத்தில் இன்னொன்றுக்குத் தோல் வெடித்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

மாமா, 10:44
போதாது. மறுபடி ஆறு மாதத்தில் அங்கேயே விடும். இரண்டு ஒயரையும் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டு. அதே தடிமனில் மெல்லிய இழைகள் நிறைய உள்ள வண்டி ஒயரைக் கொஞ்சம் நீளமாகவே சேர்த்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போடு. இணைப்பு வளைகிற இடத்தில் வரவே கூடாது. ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும், வளைந்தால் அதன் ஓரத்திலேயே ஒடியும். ஒன்று கதவுக்குள்ளே, ஒன்று பாடிக்குள்ளே இருக்கட்டும், ரப்பருக்குள் முழு ஒயர் மட்டும் ஓடட்டும்.

தம்பி, 10:45
பெரிய பியூஸாகப் போட்டுவிட்டால் என்ன மாமா, இனிமேல் போகாதே?

மாமா, 10:46
அந்தப் பேச்சே வேண்டாம். பியூஸ் போகாது, ஒயர் எரியும்.

நான், மதியம் 1:15
முடிந்தது. இரண்டு ஸ்விட்சிலும் ஏறுகிறது, இறங்குகிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை மாமா. என் பக்கக் கண்ணாடி மெதுவாக ஏறுவதற்கு கிரீஸ் வைக்கட்டுமா?

மாமா, 1:18
வைக்காதே, தோட்டத்து மண் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி ஓடுகிற ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். ஈரத் துணியை ஸ்கேலில் சுற்றி உள்ளே துடை, காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே அடித்து நாலு முறை ஏற்றி இறக்கு. அப்படியும் மெதுவாக இருந்தால் மெயின் ஸ்விட்சின் காண்டாக்ட்டில் கரி பிடித்திருக்கிறதா என்று அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்.

மாமா, 1:19
டோர் பேட், அதாவது கதவின் உள்பக்க அட்டை, கழற்றினாயே, அதன் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டினாயா? அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே கசிந்து பேட் ஊறிவிடும்.

நான், 1:22
ஷீட் பின் சீட்டில் கிடக்கிறது மாமா. இதோ பேடை மறுபடி கழற்றுகிறேன்.

அத்தை, 1:23
சாப்பிட்டுவிட்டுக் கழற்று.