தாத்தா வீடு, உறையூர்

பெரியப்பா (7:12): தாத்தா ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணேன். ம்ம்ம்ம்னு ஒரே இரைச்சல். ஞாயித்துக்கிழமை வருஷத் திதி முடிஞ்சு சாயங்காலம் பாட்டி பாடின கேசட் போடலாம்னு இருந்தேன்

பிரபு: ஒரு ஸ்பீக்கர்லயா ரெண்டுலயுமா

பெரியப்பா: ரெண்டுலயும்

கவி: பாட்டி கேசட் இன்னும் இருக்கா 🥺

அத்தை: என்கிட்ட பத்திரமா இருக்கு. ரெக்கார்டை எல்லாம் எடைக்குப் போட்டாச்சு, இதாவது மிஞ்சட்டும்

பெரியப்பா: ராஜி, இப்ப அது எதுக்கு

சேகர் மாமா: அத்தான், அவசரப்பட்டு யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. அது குவாட் 405. மாமா சிங்கப்பூர்லேர்ந்து 1979-ல தூக்கிட்டு வந்தது. முதல்ல கரண்டை அணைச்சிட்டு, பின்னால 33-லேர்ந்து, அதான் கூட இருக்கிற ப்ரீஆம்ப்லேர்ந்து, வர்ற உருண்டை முனை டின் (DIN) வயரை உருவுங்க. திரும்பப் போட்டுப் பாருங்க. சத்தம் நின்னா கோளாறு 33-லயோ எர்த்லயோ. நிக்கலைன்னா கண்டென்சர், அதாவது கெபாசிட்டர். உள்ள பெரிய டப்பா ரெண்டு, ஒவ்வொண்ணும் 10,000 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்). ஒண்ணு பிளஸ் 50 வோல்ட்டுக்கு, ஒண்ணு மைனஸ் 50-க்கு. ரெண்டு சேனலுக்கும் சப்ளை அதுலேர்ந்துதான். அதான் பிரபு அப்படிக் கேட்டான்

அம்மா: வடை எத்தனை சொல்லியிருக்கு?

அத்தை: 60

அம்மா: மணப்பாறைக்காரங்க வந்தா பத்தாது

கவி: அவங்க வர்றாங்களா??

அப்பா: கூப்பிட்டாச்சா முதல்ல

பெரியப்பா (8:40): வயரை உருவிட்டேன். நிக்கல

பிரபு: அப்ப கெபாசிட்டர்தான். பெரியப்பா, மாத்துறதுதான் மாத்துறோம், 47,000 போட்டுடலாம். பேஸ் பின்னிடும்

சேகர் மாமா: வேண்டாம்ப்பா. கணக்குப் பாரு. 2 ஆம்ப் இழுக்கும்போது 10,000-ல வோல்ட்டேஜ் 2 வோல்ட் ஏறி இறங்கும். 22,000-ல 0.9. அதுக்கு மேல காதுல ஒண்ணும் தெரியாது. ஆனா ஆன் பண்ற நொடியில காலி கண்டென்சர் ஷார்ட் மாதிரிதான் நிக்கும். 47,000-ன்னா ஏசியை டிசி ஆக்குற பிரிட்ஜுக்கும் ஃபியூஸுக்கும்தான் அடி. 15,000 தாராளம். வோல்ட் 63-க்குக் குறையக் கூடாது, 80 கிடைச்சா நல்லது. ராத்திரி நம்ம லைன் 250 ஏறும், உள்ள இருக்கிற 50-உம் கூடவே ஏறும். 85 டிகிரி சூடு தாங்குறது வேண்டாம், 105 டிகிரி தாங்குறது வாங்கு. சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுசு ரெட்டிப்பு. அத்தான், அதை ஃப்ரிட்ஜ் மேலேர்ந்து இறக்கி வைங்க

கவி: மாமா 😄

அத்தை: எனக்கு 31 வருஷமா இதான்

பெரியப்பா: இறக்கிட்டேன். மூடியைக் கழட்டிப் பாக்கவா

சேகர் மாமா: தொடாதீங்க!! பிளக்கை உருவினாலும் உள்ள சார்ஜ் நிக்கும்

பெரியப்பா: சரி சரி

சேகர் மாமா: நான் சனிக்கிழமை வந்துடறேன். 1 கே (ஆயிரம் ஓம்), 5 வாட் ரெசிஸ்டர் வெச்சு ஒரு நிமிஷம் சார்ஜை இறக்கி, மீட்டர்ல பூஜ்யம் பாத்துட்டுத்தான் கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்றவன் எவனையும் உள்ள விடாதீங்க. பிரபு, விலை ரொம்பக் குறைவா சொன்னா வாங்காதே. போன தடவை ஒரு கடையில புது உறை போட்ட பழசைத் தலையில கட்டிட்டான். கூடவே அளவு பாத்து கிளாம்ப் வாங்கு, இப்ப வர்றது பழைய டப்பாவை விடச் சின்னது

பிரபு: ஓகே மாமா. வெள்ளி ராத்திரி பஸ்

சேகர் மாமா: அத்தான், கரண்ட் ஒரேடியாப் பாயாம இருக்க, லைன்ல சீரீஸா ஒரு பல்பு போட்டுத்தான் முதல்ல ஆன் பண்ணணும். வீட்ல குண்டு பல்பு இருக்கா

பெரியப்பா: 60-ஆ 100-ஆ

சேகர் மாமா: 100

அம்மா: சரி 100 சொல்லிடறேன்

கவி: அது பல்பு 😂

அம்மா: பரவால்ல, 100-ஏ இருக்கட்டும்

அத்தை (9:31): சரியானதும் ஆம்ப்ளிஃபயர் யார் வீட்டுக்கு? அப்பா எனக்குன்னுதான் சொன்னார்

அத்தை (9:58): அண்ணா?

பெரியப்பா (10:20): ஞாயித்துக்கிழமை பேசலாம்மா. கேசட்டை மறக்காம கொண்டு வா

அப்பா: மணப்பாறைக்கு யார் போன் பண்றது