248 நாள் முதலிடம், கடைசியில் கை வெறுமை: ஆர்சனல் கோட்டைவிட்டது எதனால்?

பாளை_பீரங்கி
நேற்று சமாதானபுரம் டீக்கடையில் தொடங்கிய சண்டை பாதியில் நிற்கிறது. இங்கே முடிப்போம். 2022-23 பருவத்தில் ஆர்சனல் 248 நாள் பிரீமியர் லீக் பட்டியலில் முதலிடம். இத்தனை நாள் மேலே இருந்துவிட்டுக் கோப்பையை விட்ட அணி இங்கிலாந்தில் வேறு கிடையாது. முடிவில் மான்செஸ்டர் சிட்டி 89 புள்ளி, நாம் 84.

என் கட்சி இதுதான்: மார்ச் 16, ஐரோப்பா லீக்கில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனோடு ஆட்டம். நம் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர் சாலிபா முதுகு வலியோடு வெளியே போனார் பாருங்கள், அன்றைக்கே எல்லாம் போயிற்று. அதே ஆட்டத்தில் இன்னொரு தடுப்பாட்டக்காரர் டொமியாசுவின் முழங்காலும் போனது. சாலிபா இடத்துக்கு ஹோல்டிங் வந்தார். அப்புறம் லிவர்பூலிடம் 2-0 என்று இருந்து 2-2. வெஸ்ட் ஹாமிடமும் அதே கதை. கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்டனோடு சொந்த மைதானத்தில் 3-3. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1; ஆக இந்த மூன்றில் விட்ட 6 புள்ளியைச் சேர்த்தால் 90. கணக்கு சரிதானே?

மேலப்பாளையம்_நீலம்
நான் சிட்டி ஆள். கணக்கு சரி, காரணம் தப்பு. சாலிபா இல்லாத முதல் இரண்டு லீக் ஆட்டத்தில் என்ன நடந்தது அண்ணாச்சி? கிரிஸ்டல் பேலஸை 4-1, லீட்ஸை 4-1. இரண்டிலும் ஹோல்டிங்தான். அதற்கு முன்னால் பிப்ரவரியைப் பாருங்கள். எவர்ட்டனிடம் தோல்வி, பிரென்ட்ஃபோர்டோடு டிரா, உங்கள் மைதானத்திலேயே எங்களிடம் 3-1. 9 புள்ளிக்கு 1தான் தேறியது. மூன்றிலும் சாலிபா களத்தில் நின்றார்.

டவுன்_வாகையடி
பிரென்ட்ஃபோர்டு ஆட்டத்தைச் சொன்னால் முழுசாகச் சொல்லும் வே. அவர்கள் கோலுக்கு முன்னால் ஆஃப்சைடு இருந்தது. வீடியோவில் சரிபார்க்கும் விஏஆர் நடுவர் அறையில் அதற்குக் கோடே போடவில்லை, பிற்பாடு தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள்.

மேலப்பாளையம்_நீலம்
அந்த 2 புள்ளியைச் சேர்த்தாலும் 86தான். அடுத்தது?

அம்பை_ஆற்றோரம்
நான் லிவர்பூல் ஆள், அதனால் நடுநிலை (சிரிக்காதீர்கள்). அந்த 2-2 நடந்தது ஈஸ்டர் ஞாயிறு, நமக்கு ராத்திரி ஒன்பது மணி. பாளையில் அத்தை வீட்டில் பார்த்தேன். 28 நிமிஷத்தில் 2-0. ஆர்சனல் ரசிகனான என் மச்சான் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஆன்ஃபீல்டு மைதானம் சாவு வீடு மாதிரி இருந்தது. அப்போது பார்த்து ஆர்சனலின் ஷாகா போய் எங்கள் அலெக்சாண்டர்-ஆர்னால்டோடு முட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. கூட்டம் மொத்தமும் எழுந்து கத்த ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் சலா கோல். பிறகு சலா ஒரு பெனால்டியை வெளியே அடித்தும் நாங்கள் விடவில்லை. 87ஆம் நிமிஷம் அலெக்சாண்டர்-ஆர்னால்டு பந்தை சின்செங்கோவின் கால் இடுக்கில் தட்டிவிட்டுப் போய்த் தூக்கிக் கொடுத்தார், ஃபிர்மினோ தலையால் முட்டினார்.

வெஸ்ட் ஹாமில் 2-1 இருக்கும்போது ஆர்சனலின் சாகா பெனால்டியை வெளியே அடித்தார். இரண்டு நிமிஷத்தில் போவன் சமன் செய்தார். சவுத்தாம்டனோடு ஆட்டம் தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கோல்கீப்பர் ராம்ஸ்டேல் பந்தை எதிராளி காலில் கொடுத்தார். இதையெல்லாம் சாலிபா வந்து தடுப்பாரா? பையன்களுக்குக் கோப்பை கண்ணில் பட்டதும் கால் நடுங்கிவிட்டது. நான் பார்த்தது அதுதான்.

பாளை_பீரங்கி
சலா வெளியே அடித்தாரே, அந்தப் பெனால்டியைக் கொடுத்ததே ஹோல்டிங்தான். அதை நைசாக விட்டுவிட்டீர்களே தம்பி! தடுப்பு உறுதியாக இருந்தால்தான் முன்னால் ஆடுகிறவனுக்குப் பயம் வராது. மொத்தம் 43 கோல் வாங்கினோம், சிட்டி 33.

வள்ளியூர்_காற்று
முந்தின பருவம் 69 புள்ளி, ஐந்தாம் இடம். 2003-04க்குப் பிறகு அதுவரை ஆர்சனல் 84 எடுத்ததே இல்லை. இதை ஏன் எழவு வீடாக்குகிறீர்கள்?

பாளை_பீரங்கி
ஏப்ரல் தொடக்கத்தில் 8 புள்ளி முன்னால் இருந்தோமே, அதனால்தான்.

டவுன்_வாகையடி
சிட்டி கையில் அப்போது ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லும்.

2024 நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் எங்கள் ஊரில் வடம் அறுந்தது எல்லாருக்கும் தெரியும். என் பக்கத்தில் நின்ற பெரியவர் வடத்தைத் திட்டவில்லை. “மாற்று வடம் எங்கலே?” என்றுதான் கேட்டார். நானும் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டாவிடம் அதையே கேட்கிறேன். சாகா, கேப்ரியல், ராம்ஸ்டேல் மூவரும் 38 லீக் ஆட்டத்திலும் ஆடினார்கள். உலகக் கோப்பையில் முழங்கால் போன முன்வரிசைக்காரர் ஜீசஸ் மார்ச்சில்தான் திரும்பினார். ஜனவரியில் ட்ரோசார்டு, ஜோர்ஜினியோ, கிவியோர் என்று மூவரை வாங்கினார்கள். கிவியோர் பின்வரிசைக்காரர்தானே? ஏப்ரல் முழுக்க அவரைத் தொடக்க அணியில் சேர்க்காமல் விட்டுவிட்டு, சிட்டியிடம் 4-1 வாங்கிய பிறகு சேர்த்தால் யாருக்கு லாபம்?

மேலப்பாளையம்_நீலம்
இது நியாயமான பேச்சு. ஆனால் எங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிப்ரவரிக் கடைசியிலிருந்து லீக்கில் தொடர்ந்து 12 வெற்றி. ஹாலந்து மட்டும் 36 கோல். உங்களோடு இரண்டு ஆட்டம், இரண்டும் எங்களுக்கு. அதில் ஒன்றையாவது நீங்கள் ஜெயித்திருந்தால் 87-86, கோப்பை உங்களுக்கு. சவுத்தாம்டனையும் ஹோல்டிங்கையும் ஏன் இழுக்கிறீர்கள்?

பாளை_பீரங்கி
நிதி விதிகளை மீறியதாக உங்கள் கிளப் மேல் பிரீமியர் லீக் சாட்டிய 115 குற்றச்சாட்டையும் எடுக்கவா?

டவுன்_வாகையடி
அதற்குத் தனித் திரி போடுங்கள். இங்கே ஒரே கேள்வி: மே 14, பிரைட்டனிடம் சொந்த மைதானத்தில் 3-0. அன்றைக்கு ஹோல்டிங் இறங்கவில்லை, கிவியோர்தான் ஆடினார். அடுத்த வாரம் நாட்டிங்காமிடம் 1-0, சிட்டி அன்றைக்கு ஆடாமலேயே சாம்பியன். இதற்கு என்ன சொல்கிறீர் வே?

பாளை_பீரங்கி
பிரைட்டன் ஆட்டத்தை நான் பாதியில் அணைத்துவிட்டேன். நாளைக்குக் காலை சமாதானபுரத்துக்கு வாரும். டீ என் கணக்கு, வடை உம் கணக்கு.