புதுப்பிப்பு: நள்ளிரவில் மட்டும் வரும் 502 பிழை, காரணம் பிடிபட்டது

முந்தைய பதிவின் சுருக்கம்: கோரிக்கைகளை முன்னால் நின்று வாங்கி அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்குப் பின்னால், ஆப்பை ஓட்டும் நோட் ஜேஎஸ் சர்வர். பகலில் ஒழுங்காக ஓடும்; நள்ளிரவுக்கு மேல் ஆர்டர் பதிவில் மட்டும் எப்போதாவது 502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை). பெங்களூரு ஆபீஸ் லேப்டாப்பில் என்ன செய்தாலும் வராது.

காரணம் நெட்வொர்க்கும் இல்லை, மெமரியும் இல்லை. சும்மா கிடக்கும் இணைப்பை நோட் (பல பதிப்புகளில்) இயல்பாக 5 வினாடியில் மூடிவிடும். என்ஜின்எக்ஸ் 60 வினாடி வைத்திருக்கும். நோட் மூடுகிற அதே கணத்தில் புதுக் கோரிக்கை போய்ச் சேர்ந்தால் பதிலுக்கு ஆர்எஸ்டி (இணைப்பை முறிக்கும் டிசிபி செய்தி) வரும், என்ஜின்எக்ஸின் எரர் லாகில் 104 (எதிர்முனை இணைப்பை முறித்தது என்ற பிழை எண்) விழும். பகல் நெரிசலில் எந்த இணைப்பும் 5 வினாடி சும்மா இருப்பதில்லை, அதனால்தான் தெரியவில்லை. இன்னொன்று: கெட் (தகவலைக் கேட்டு வாங்கும் கோரிக்கை) அறுந்தால் என்ஜின்எக்ஸ் தானே மறுபடி அனுப்பும். போஸ்ட்டை (ஆர்டர் போலத் தகவலைப் பதியும் கோரிக்கையை) அனுப்பாது, ஒரே ஆர்டர் இரண்டு தரம் பதிவாகிவிடலாம் என்பதால். அது சரியான முடிவு. தயவுசெய்து அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடாதீர்கள்.

லேப்டாப்பில் வரவழைக்க: ஒரே இணைப்பில் போஸ்ட் அனுப்புங்கள், இடைவெளியை 5 வினாடியை ஒட்டி மில்லிவினாடிக் கணக்கில் கூட்டிக் குறையுங்கள். நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்யும் டிசிபிடம்பில் ஃபின் (இணைப்பை முடிக்கும் செய்தி), உடனே ஆர்எஸ்டி தெரிந்தால் இதேதான்.

தீர்வு: நோடில் கீப்அலைவ் டைம்அவுட் (சும்மா கிடக்கும் இணைப்பை வைத்திருக்கும் நேரம்) 65000, ஹெடர்ஸ் டைம்அவுட் (கோரிக்கையின் தலைப்பு வரிகளுக்குக் காத்திருக்கும் நேரம்) 66000 மில்லிவினாடி. பின்னால் இருப்பது (நோட்) முன்னால் இருப்பதைவிட (என்ஜின்எக்ஸ்) அதிக நேரம் காத்திருக்க வேண்டும். என்ஜின்எக்ஸுக்கு முன்னே லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) இருந்தால் அதற்கும் என்ஜின்எக்ஸுக்கும் இடையிலும் இதே கணக்கைப் பாருங்கள்.